கணிப்பொறியை முறைப்படி நிறுத்துதலும் மீண்டும் இயக்குதலும்

மின்விளக்கையும் மின்விசிறியையும் சுவிட்சைத் தட்டி நிறுத்துகிறோம். அவற்றிற்கு அதனால் ஊறு ஏதும் நேர்வதில்லை. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை அவ்வாறு நிறுத்தலாகாது என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. விதியைக் கேட்டறிந்தவர் பலர். அதன் காரணத்தை அறிந்தவர் சிலரே. காரணம் தெரியாத விதி, அவசரம் நேரும்போது எளிதில் மீறப்படும். ஆகையால் விதியையும் அதற்கு அடிப்படையான விஞ்ஞானத்தையும் ஒருங்கே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இதனால் நேரக்கூடிய இழப்பு எத்தகையது என்பதை முதலில் கருதுவோம். பயிர் அறுவடைச் சோதனையில் களப் பணியாளர் ஒருவர் ஒரு வயலில் குறிப்பிட்ட பரப்பை அளந்து, அங்கு விளைந்த தானியத்தை எடைபோட்டு, அந்த எடையைக் கணிப்பொறியிற் பதிவு செய்கிறார். வானிலை நோக்கர் ஒருவர் காலை 8.30 மணிக்கு மழைமானியிலுள்ள நீரை அளந்து, பின்னர் அதனைக் கொட்டிவிடுகிறார். பதிவு செய்த எண் அழிந்துபோனால், அறுவடை முடிந்த வயலில் மீண்டும் எடை பார்க்க இயலுமா? கொட்டிய நீரை மீண்டும் அளக்க இயலுமா? இயந்திரம் பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம்; இத்தகைய அளவுகளை எவ்விலைக்கும் வாங்க முடியாது.

1. இருவகை நினைவகங்கள்

கணிப்பொறியில் செய்திகள் இரண்டு இடங்களில் தங்குகின்றன. ஒன்று, ‘ராம்’ எனப்படும் தற்காலிக நினைவகம். மற்றொன்று, ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் நிலையான சேமிப்பகம்.

தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு நுண்ணிலக்கமும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. இம்மின்தேக்கிகள் ஓட்டைக் குடங்களை ஒத்தவை. மின்னூட்டம் இடைவிடாது கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே அவற்றை 64 மில்லி வினாடிக்கு ஒரு முறையாவது மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கிறது. (ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) மின்சாரம் நின்றால் நிரப்புதலும் நின்று, அங்கிருந்த செய்திகள் யாவும் மறைந்துவிடும். இக்குறை இருப்பினும், இந்நினைவகம் மிக வேகமானது. கணிப்பொறி தன் வேலைகள் அனைத்தையும் இதில் வைத்தே செய்கிறது.

நிலையான சேமிப்பகத்தில் செய்திகள் காந்தப் பதிவாகவோ, சிலிக்கானில் அடைபட்ட மின்னூட்டமாகவோ இருத்தலால் மின்சாரமின்றியும் நிலைத்திருக்கும். ஆனால் இது தற்காலிக நினைவகத்தைக் காட்டிலும் மிகவும் மெதுவானது.

பழங்காலத்துக் கணிப்பொறிகள் எல்லாம் இவ்வாறு இருந்ததில்லை. பம்பாயிலுள்ள டாட்டா ஆதார ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டு 1960ஆம் ஆண்டில் பணிக்கு வந்த ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறியின் நினைவகம், ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு வளையங்களைக் கொண்டது. அவ்வளையங்கள் மின்சாரம் நின்ற பின்னரும் தம் காந்த நிலையை இழப்பதில்லை. 1970ஆம் ஆண்டிற்குப் பிறகு சிலிக்கான் நினைவகம் பரவியபோது விலை குறைந்தது, அளவு சுருங்கியது, வேகம் பெருகியது. அவற்றோடு மறதியும் சேர்ந்து வந்தது. முறைப்படி நிறுத்துதல் இத்துணை இன்றியமையாததாக ஆனதற்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகும்.

2. எழுத்தில் ஏற்படும் தாமதம்

‘சேமி’ என்று கட்டளையிட்டவுடன் கோப்பு ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவ்வெழுத்து பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில் சிறிது நேரம் காத்திருக்கிறது. ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் மெதுவான டிஸ்க்கை நாடினால் வேலை தடைப்படும் என்பதால், இயக்கமுறைமை பல மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுகிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி இத்தகைய செய்தி ஏறத்தாழ 30 வினாடி வரை காத்திருக்கக்கூடும். அன்றியும், டிஸ்க்கினுள்ளேயே ஒரு சிறு தற்காலிக நினைவகம் உண்டு. அங்கும் சிறிது நேரம் தங்குதல் கூடும்.

நாள் முழுவதும் வரும் கடிதங்களைத் தபால் பெட்டியிற் சேர்த்துவைத்து, குறித்த நேரத்தில் எடுத்துச்செல்வதை இதற்கு ஒப்பிடலாம். கடிதத்தைப் பெட்டியில் இட்டவர் தம் வேலை முடிந்ததென்று கருதுகிறார். ஆனால் கடிதம் இன்னும் பெட்டியிலேதான் இருக்கிறது.

3. மின்சாரம் திடீரென நின்றால் நிகழ்வது யாது?

நம் நாட்டில் மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது; ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி ஆகும். மேசைக் கணிப்பொறியின் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள், வெளி மின்சாரம் நின்ற பின்னும் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி வினாடி வரை தாக்குப்பிடிக்குமாறு அமைக்கப்படுவது வழக்கம். அதாவது ஒரு முழுச் சுற்றின் நேரங்கூடக் கிடைப்பதில்லை.

நிமிடத்திற்கு 7,200 தடவை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு தடவை சுழல 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே மின்சாரம் நின்ற பின் தட்டு இரண்டு சுற்றுச் சுற்றும் நேரமே எஞ்சியுள்ளது. கையிலுள்ள ஒரு சிறு பகுதியை எழுதி முடிக்க இது போதும்; வரிசையில் காத்திருப்பவற்றை எழுதப் போதாது.

தட்டின்மேல் காற்றில் மிதந்தவாறு எழுதும் தலையின் கதி என்ன? பழைய டிஸ்க்குகள் சிலவற்றில், நிறுத்துவதற்கு முன்பு தனிக் கட்டளையிட்டு அத்தலையை ஓரிடத்தில் ஒதுக்க வேண்டியிருந்தது. இக்காலத்து டிஸ்க்குகளில் மின்சாரம் நின்றவுடன், சுழலும் தட்டின் வேகமே மின்னாக்கியைப்போல் பயன்பட்டுத் தலையைப் பத்திரமான இடத்திற்கு நகர்த்திவிடுகிறது. எனினும் இது நெருக்கடிக் காலத்திற்கான ஏற்பாடு. தினந்தோறும் நாடத்தக்க வழி ஆகாது.

பொறியைவிடக் கோப்பிற்கே அபாயம் மிகுதி. ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கும்போது டிஸ்க்கில் பல இடங்களில் மாற்றம் செய்யப்படுகிறது. வரி ஓரிடத்திலும், கோப்பின் நீளம் மற்றோரிடத்திலும், எந்தப் பகுதிகள் நிரம்பியுள்ளன என்னும் அட்டவணை வேறோரிடத்திலும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று எழுதப்பட்டு மற்றவை எழுதப்படாமல் நின்றால் கணக்கு ஒவ்வாது. அட்டவணை சிதைந்தால், அன்று தொடாத கோப்புகளும் கெடுதல் கூடும்.

இதற்குப் பரிகாரமாக இக்கால இயக்கமுறைமைகள் வணிகர்களின் முறையொன்றைக் கையாள்கின்றன. வணிகர் ஒவ்வொரு வரவு செலவையும் முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் பேரேட்டில் ஏற்றுவர். பேரேட்டில் ஏற்றும்போது இடையூறு நேர்ந்தாலும், குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பும், லினக்ஸின் எக்ஸ்ட்-3, எக்ஸ்ட்-4 அமைப்புகளும் இவ்வாறே செய்யவிருக்கும் மாற்றத்தைக் குறிப்பேட்டில் முதலில் எழுதிக்கொள்கின்றன. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இக்குறிப்பேடு பொதுவாக அட்டவணைகளின் ஒழுங்கையே காக்கிறது; கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் காப்பதாகாது. குறிப்பேட்டிற்கே வந்துசேராத எண்ணை எதுவும் காக்க இயலாது.

4. முறைப்படி நிறுத்தும்போது உள்ளே நடப்பவை

‘ஷட் டவுன்’ என்னும் கட்டளை கொடுக்கப்பட்டதும் இயக்கமுறைமை பின்வரும் செயல்களை வரிசையாகச் செய்கிறது.

முதலாவதாக, இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் வேலையை முடித்துக்கொள்ளுமாறு அறிவிப்பு அனுப்புகிறது. சேமிக்கப்படாத கோப்பு இருந்தால் நிரல் நம்மை வினவுவது இக்கட்டத்திலேதான். இரண்டாவதாக, குறித்த நேரம் வரை காத்திருந்து, முடிக்காத நிரல்களைத் தானே நிறுத்துகிறது. மூன்றாவதாக, தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும் எழுத்துகளையெல்லாம் டிஸ்க்கிற்கு அனுப்புகிறது. நான்காவதாக, கோப்பு அமைப்பை மூடி, ‘முறைப்படி மூடப்பட்டது’ என்னும் அடையாளத்தை இடுகிறது. இறுதியாக, மின்வழங்கியை நிறுத்துமாறு கட்டளையிடுகிறது.

முன்பு இந்த இறுதிச் செயலை மனிதரே செய்ய வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95, பல கணிப்பொறிகளில், இனி நிறுத்தலாம் என்ற வாசகத்தைத் திரையிற் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அதனைக் கண்ட பின்னரே சுவிட்சைத் தட்டுவர். பின்னர் வந்த மின்வழங்கிகள் இயக்கமுறைமையின் கட்டளைக்குத் தாமே பணிந்து நிற்கின்றன.

5. நிறுத்தும் முறை

(அ) திறந்துள்ள கோப்புகளைச் சேமித்து, நிரல்களை ஒவ்வொன்றாக மூடுக.

(ஆ) வலைவழிப் பதிவுகளில், பதிவு ஏற்கப்பட்டதற்கான அறிவிப்பு வந்ததா என்று பார்த்துக்கொள்க. அனுப்பிக்கொண்டிருக்கும்போது நிறுத்தலாகாது.

(இ) பென்டிரைவ் பொருத்தப்பட்டிருந்தால், பத்திரமாக நீக்கும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி கிடைத்த பின்னரே உருவுக. அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கையில் தொடலாகாது.

(ஈ) ‘ஷட் டவுன்’ கட்டளையைக் கொடுக்க. லினக்ஸ் அடிப்படையில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்கமுறைமையிலும் இதே முறைதான்.

(உ) திரை கறுத்தவுடன் சுவிட்சைத் தட்டற்க. திரை முன்னதாக அணைந்து, டிஸ்க் இன்னும் எழுதிக்கொண்டிருத்தல் கூடும். கணிப்பொறிப் பெட்டியின் விளக்கு அணைந்து, விசிறி நின்ற பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்க.

(ஊ) அதன் பின்னர் திரை, அச்சுப்பொறி, யூ.பி.எஸ்., சுவர் சுவிட்சு என்னும் வரிசையில் நிறுத்துக. இடி மின்னல் காலங்களில் செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் நலம். சுவிட்சின் சிறு இடைவெளியை மின்னலின் அழுத்தம் எளிதில் தாண்டிவிடும்.

6. நிறுத்துதல், மறுதொடக்கம், உறக்கம்

இவை மூன்றும் ஒன்றென்று கருதுவோர் உண்டு. இவற்றினிடையே உள்ள வேறுபாடு முக்கியமானது.

‘ஸ்லீப்’ என்னும் உறக்க நிலையில் செய்திகள் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கின்றன. அதற்குச் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து வேண்டும். மேசைக் கணிப்பொறியை இந்நிலையில் விட்டு யூ.பி.எஸ்.ஸை அணைத்துச் செல்பவர், இயங்கும் பொறியின் செருகியைப் பிடுங்கியவர்க்கு ஒப்பாவார். ‘ஹைபர்னேட்’ நிலையிலோ நினைவகத்திலுள்ளவை டிஸ்க்கில் எழுதப்பட்ட பின் மின்சாரம் முற்றிலும் நிற்கிறது. ஆதலால் அபாயம் இல்லை.

2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாடு உண்டு. இது செயற்படும் பொறியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், நம் நிரல்கள் மூடப்படுகின்றன; ஆனால் இயக்கமுறைமையின் உட்கருவும் சாதன இயக்கிகளும் இருந்த நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதனால் தொடக்கம் விரைவாகிறது. அவற்றில் ஏற்பட்டிருந்த கோளாறும் அவ்வாறே திரும்பி வருதல் கூடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே அனைத்தும் புதிதாகத் தொடங்கும். அச்சுப்பொறி பணியாத பொறியை மாலையில் நிறுத்தி மறுநாள் காலையில் இயக்கியும் கோளாறு தீரவில்லையென்றும், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்ததும் தீர்ந்ததென்றும் பலர் வியப்பர், காரணம் இதுவே. முற்றிலும் நிறுத்த விரும்புவோர் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுக்கலாம்.

7. பொறி அசைவற்று நின்றால்

முதலிற் செய்யத்தக்கது காத்திருத்தல். டிஸ்க் விளக்கு மினுக்கினால் பொறி வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது பொருள். சில நிமிடம் பொறுக்க. பின்னர் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்திப் பார்க்க. அதன் விளக்கு எரிந்து அணையுமாயின் இயக்கமுறைமை உயிருடன் இருக்கிறது. ஒரு நிரல் மட்டும் தடைப்பட்டிருக்கலாம். ‘கண்ட்ரோல்’, ‘ஆல்ட்’, ‘டெலிட்’ என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோஸில் ஒரு திரை தோன்றும். அங்கிருந்து அந்நிரலை மட்டும் முடிக்கலாம். அல்லது கணிப்பொறியை முறைப்படி மறுதொடக்கம் செய்யலாம்.

இவ்வழிகள் யாவும் பயன்படாதபோதே மின்விசையை நான்கு வினாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மடிக்கணிப்பொறிகள் சிலவற்றில் இன்னும் சில வினாடிகள் தேவைப்படும். இது கட்டாய நிறுத்தம். மின்தடையைப் போன்றே தீங்கு விளைவிக்கக்கூடியது. அவ்விசையைச் சிறிது நேரம் மட்டும் அழுத்தி விடுவது வேறு. பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் அது முறைப்படி நிறுத்துவதற்கான கட்டளையாகவே கொள்ளப்படுகிறது.

8. யூ.பி.எஸ். அளிக்கும் அவகாசம்

சிறிய யூ.பி.எஸ். பலவற்றில் 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலம் ஒன்று இருக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 120 வாட் எடுத்துக்கொண்டால், கணக்கின்படி 42 நிமிடம் இயங்க வேண்டும். ஆனால் விரைவாக வடிக்கும்போது மின்கலம் தன் முழு அளவையும் தருவதில்லை. மாற்றத்திலும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஆகவே புதிய மின்கலத்திலும் பாதி நேரமே கிடைக்கும் எனக் கொள்வது நன்று. பழகிய மின்கலம் ஐந்து நிமிடமும் தாங்காமற் போகலாம். வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்; 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது அனுபவ விதி. எனவே யூ.பி.எஸ்.ஸைச் சன்னல் வெயிலிலும், காற்றோட்டமற்ற மூலையிலும் வைத்தல் தவறு.

லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ்.ஸில் இணைக்கலாகாது. மையை உருக்கும் அதன் வெப்பப் பகுதி பல நூறு வாட் இழுப்பதால் யூ.பி.எஸ். தாங்காது நின்றுவிடும்.

யூ.பி.எஸ். ஒலியெழுப்பத் தொடங்கினால், மின்சாரம் திரும்பும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடர்தல் பெருந்தவறு. முதல் ஒலியிலேயே சேமிக்க; இரண்டு நிமிடத்திற்குள் திரும்பாவிடில் முறைப்படி நிறுத்துக. அந்த அவகாசம் இதற்காகவே அளிக்கப்பட்டுள்ளது.

9. மீண்டும் இயக்குதல்

மின்சாரம் திரும்பியவுடன் அப்பகுதியிலுள்ள நீரேற்றும் மோட்டார்களும் குளிர்பெட்டிகளும் ஒருங்கே இயங்கத் தொடங்குவதால் மின்னழுத்தம் ஏறியிறங்கும். மீண்டும் தடைப்படுதலும் உண்டு. ஐந்து நிமிடம் காத்திருந்து, யூ.பி.எஸ்., திரை, இறுதியாகக் கணிப்பொறி என்னும் வரிசையில் இயக்குக.

முறை தவறி நின்ற பொறி, தொடங்கும்போது டிஸ்க்கைப் பரிசோதிக்கத் தொடங்கலாம். இப்பரிசோதனை நீண்டாலும் அதனை இடையில் நிறுத்தலாகாது. குறிப்பேட்டைக்கொண்டு பேரேட்டைச் சரிசெய்யும் வேளை அது. தொடங்கிய பின், கடைசியாக எழுதிய கோப்பைத் திறந்து, கடைசிப் பதிவுகளைக் களக் குறிப்பேட்டுடன் ஒப்பிடுக.

இயக்கமுறைமை புதுப்பிக்கப்படும்போது, திரையில் அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை தோன்றும். அதனை மதித்தல் வேண்டும். தாய்ப்பலகையின் உள்நிரலைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் பொறி மீண்டும் தொடங்கவே இயலாத நிலையை அடையலாம். யூ.பி.எஸ். இல்லாத இடத்தில் அப்பணியை மேற்கொள்ளற்க.

10. வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

சோதனை 1. ஒரு மாணவர் கரும்பலகையில் நிமிடத்திற்கு ஐந்து எண்கள் எழுதட்டும். மற்றொருவர் நிமிடத்திற்கு ஒரு முறை மட்டும் அவற்றை ஏட்டிற் படி எடுக்கட்டும். மூன்றாமவர் தாம் விரும்பிய கணத்தில், அறிவிப்பின்றிப் பலகையைத் துடைக்கட்டும். ஏட்டில் இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுக. அடுத்த முறை, துடைப்பதற்கு முன் மணியடித்து, படி எடுத்து முடிக்கும் வரை காத்திருக்கச் செய்க. இழப்பு இராது. கரும்பலகை தற்காலிக நினைவகத்தையும், ஏடு டிஸ்க்கையும், மணி ‘ஷட் டவுன்’ கட்டளையையும் குறிக்கும்.

சோதனை 2. யூ.பி.எஸ்.ஸில் கணிப்பொறிக்குப் பதிலாக 60 வாட் இழைவிளக்குகள் இரண்டினை இணைத்து, சுவர் சுவிட்சை நிறுத்துக. விளக்குகள் எத்தனை நிமிடம் எரிகின்றன என்று குறித்து, சுவரில் எழுதிவைக்க. ஆறு மாதத்திற்கு ஒரு முறை இதைச் செய்தால் மின்கலம் தேய்வது தெரியவரும்.

சோதனை 3. விண்டோஸின் ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியில், பொறி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டப்படும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செயற்படும் பொறியில் ‘ஷட் டவுன்’ கொடுத்து இயக்கிய பின்னும், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்த பின்னும் அந்நேரத்தைப் பார்த்து ஒப்பிடுக.

11. தொகுப்புரை

இடைவிடாது சேமித்தலும், முறைப்படி நிறுத்துதலும், மற்றோரிடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுதலும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. களத்தில் எடுத்த அளவுகளைப் பொறுத்தவரை, கணிப்பொறியில் ஏற்றிச் சரிபார்த்து, வேறோரிடத்திலும் படி எடுக்கும் வரை கைக்குறிப்பேட்டை அழிக்கலாகாது. நிறுத்துதலுக்கு ஆவது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்தே ஒரு பருவத்தின் உழைப்பு நிலைபெறுவதும் வீணாவதும் அமைதல் கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. ‘சேமி’ கட்டளை கொடுத்த பத்தாவது வினாடியில் மின்சாரம் நின்றது. கோப்பு நிச்சயமாகப் பிழைத்திருக்கும் எனக் கூறலாமா? காரணம் தருக.

2. நிமிடத்திற்கு 5,400 தடவை சுழலும் டிஸ்க் ஒரு தடவை சுழல எத்தனை மில்லி வினாடி ஆகும்? 16 மில்லி வினாடியில் எத்தனை தடவை சுழலும்?

3. குறிப்பேட்டு முறை எதனைக் காக்கிறது? எதனைக் காக்க இயலாது?

4. உறக்க நிலையிலுள்ள மேசைக் கணிப்பொறிக்கும் ‘ஹைபர்னேட்’ நிலையிலுள்ள கணிப்பொறிக்கும் மின்தடையால் நேர்வதை ஒப்பிடுக.

5. உங்கள் அலுவலகத்து அல்லது பள்ளியின் யூ.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும்? அதற்கேற்ப, மின்தடையின்போது யார் எதை எவ்வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் அறிவிப்புப் பலகை தயாரிக்க.